கல்குவாரித் தண்ணீரில் உன் அக்காவும் நானும்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவர் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அக்கா நலம். மிகவும் நலம். எனக்குத்தான் தோள் இரண்டும் கழன்று தொங்குகின்றன, இடுப்பில் ஈயக்கட்டி பதிந்த தடம் இன்னும் மறையவில்லை, மற்றபடி உயிரோடு இருக்கிறேன். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக, முக்கியமாக ஈரமில்லாமல், இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நீ உடனே உன் அக்காவுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். கடல் சரியில்லை, தொட்டால் கொட்டுகிற சொறிமீன் அதிகமாகிவிட்டது, படகுக்காரன் ஊரை விட்டுப் போய்விட்டான், எந்தக் காரணமானாலும் சரி, இந்த வருஷம் விடுமுறைக்கு உன் ஊருக்கு வர வேண்டாம் என்று எழுது. நான் கேட்டுக்கொண்டேன் என்பது மட்டும் தெரியக் கூடாது.

இத்தனைக்கும் காரணம், தண்ணீருக்கடியில் முக்குளிக்கிற சாமான்களை அடைத்து நீ அனுப்பிய மரப்பெட்டி. "ரெண்டு செட் புதுசாவே கிடக்கு அக்கா, ரெண்டு பேரும் அங்கேயே கத்துக்கிட்டு வாங்க, கடலுக்கடியில பவளம் காட்டுறேன்" என்று சீட்டு வைத்திருந்தாயே, நீ அதை விளையாட்டாகத்தான் எழுதியிருப்பாய். உன் அக்காவிடம் எதையும் விளையாட்டாகச் சொல்லக் கூடாது என்பது உனக்குப் பால்பல் விழுந்த வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் பள்ளிக்குத் தாமதமாகப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதட்டுவதற்குக்கூட வாய் திறக்க மாட்டாள். என்னையும் அதட்டுவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெட்டி வந்த அன்று சாயங்காலம் நான் கடையிலிருந்து திரும்பும்போது கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, விளக்கப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, இதுக்கு ரெண்டு பேரா இறங்கணுமாம். தனியா விடமாட்டாங்களாம்" என்றாள். வீட்டில் இரண்டாவது ஆள் யார் என்று சுற்றிப் பார்த்தேன். நான்தான் இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் ஆழம் தெரிந்தேதான் விட்டேன், புத்தகத்திலேயே அச்சடித்திருந்தது.

முதலில் அந்த ரப்பர் உடுப்பு. உனக்கு அளவெடுத்து வாங்கியது என் உடம்பில் ஏறுமா என்று பார்க்க, கடைக்கு எடுத்துப்போய், வாடிக்கையாளர் போட்டுப் பார்க்கிற திரைக்குப் பின்னால் நின்று காலை நுழைத்தேன். முழங்கால் வரைக்கும் போனது. அதற்கு மேலும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. வாழ்நாள் முழுக்கத் தையல்கடை வைத்திருக்கிறவன் நான், மனிதனுக்கு இடுப்பு என்று ஒன்று உண்டு என்பதையே கேள்விப்படாத ஒருவன் தைத்த உடுப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளியே ஒருவர் கோட்டு போட்டுப் பார்க்க வந்து காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "முதலாளி, இது ஏறுதா, இறங்குதா?" என்று கேட்டான். "எனக்கும் தெரியல, எந்தப் பக்கமாவது இழு" என்றேன். இழுத்தான். இரண்டு பேரும் திரையோடு சேர்ந்து கோட்டுக்காரரின் காலடியில் போய் விழுந்தோம். அவர் நல்ல மனுஷர், எங்களைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார், கோட்டை மட்டும் வேறு கடையில் தைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் செய்தது தொழில் கர்வத்தில் செய்தது. வயிற்றுப் பக்கம் தையலைப் பிரித்து, பழைய ரெக்சின் உறை ஒன்றை வெட்டி, ஒட்டுப்போட்டு, இரட்டைத் தையல் அடித்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பயிற்சி நடக்கிற இடம் ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி. கல்லை வெட்டி முடித்துவிட்டுப் போனார்கள், ஊற்று கிளம்பி நிரம்பிவிட்டது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, ஒரு பக்கம் மட்டும் அந்தக் காலத்தில் லாரி போன சரிவு அப்படியே தண்ணீருக்குள் இறங்குகிறது. கரையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் உருளையில் காற்று அடைக்கிற இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். பழகுகிறவர்கள் பார்ப்பதற்காக அடியில் ஒரு பழைய பஸ்ஸை இறக்கி வைத்திருக்கிறார்கள். பஸ் பார்க்க எதற்குத் தண்ணீருக்குள் போக வேண்டும், பஸ் நிலையத்திலேயே பார்க்கலாமே என்று கேட்டேன். உருளையைத் தூக்கி என் முதுகில் மாட்டினார்கள். சொல்லிக் கொடுக்கிறவள் ஒரு பெண், எங்களுக்கு மகளாக இருக்கிற வயதுதான் இருக்கும். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் அவளுக்கு மெதுவாம்மா என்று நான் பெயர் வைத்தேன், இப்போது குவாரி முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் சொன்ன முதல் விதி, தண்ணீருக்கடியில் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும் என்பது. கல்யாணமான நாளிலிருந்து மூச்சுக் காட்டாமல் இருந்தே குடும்பம் நடத்தியவன் நான். இந்த வயதில் பழக்கத்தை மாற்று என்றால் எப்படி?

முதல் ஞாயிறு என் ரெக்சின் ஒட்டு வழியாகக் குளிர்ந்த தண்ணீர் தாராளமாக உள்ளே வந்து வயிற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கால் வழியாகப் போனது. மெதுவாம்மாவிடம் முறையிட்டேன். "கொஞ்சம் தண்ணி உள்ள வரணும் சார், அது உங்க உடம்புச் சூட்டுல சூடாகி உள்ளயே நிக்கும். ஆனா உங்களுது வாய்க்கால் மாதிரி ஓடுது. யார் தெச்சாங்க?" என்று கேட்டாள். தெரிந்த ஒருத்தர் என்றேன். அடுத்தது மிதப்பு. ரப்பர் மிதக்குமாம், ஆகையால் இடுப்பில் ஈயக்கட்டி கட்டினார்கள். நான் அப்போதும் முங்கவில்லை, வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். இன்னும் கட்டினார்கள். கிணற்றில் போட்ட கல் மாதிரி போனேன். அடியில் காலகாலமாகப் படிந்திருந்த கல்தூள் அத்தனையும் கிளம்பி, அந்தப் பக்கம் அமைதியாக மண்டியிட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு குழுவின் தலைக்கு மேல் மேகமாக நின்றது. அன்றைக்கு வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர்கள் கொட்டகையில் என்னைப் பார்த்தால் இப்போதும் டீக் கோப்பையைக் கையால் மூடிக்கொள்கிறார்கள்.

பிறகு கைச்சாடை. கட்டைவிரலை உயர்த்தினால் நமக்கெல்லாம் பிரமாதம் என்று அர்த்தம். அங்கே மேலே போகணும் என்று அர்த்தமாம். சொல்லித்தான் கொடுத்தார்கள், ஆனால் பழக்க தோஷம், என்னை யாராவது நன்றாக இருக்கிறீர்களா என்று சாடையில் கேட்டால் நான் கட்டைவிரலைக் காட்டுவேன், உடனே மூன்று பேரும் அடியிலிருந்து மேலே வருவோம். "என்ன சார் ஆச்சு?" "ஒண்ணும் ஆகல, நல்லா இருக்கேன்." மறுபடியும் இறங்குவோம். மறுபடியும் கேட்பார்கள். நானும் மரியாதைக்குப் பதில் சொல்வேன். உன் அக்கா என் வலது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டாள். தண்ணீருக்கடியிலாவது பேச்சு இருக்காது என்று நான் உள்ளூர ஒரு ஆறுதல் வைத்திருந்தேன், அதுவும் நிலைக்கவில்லை. தண்ணீரில் எழுதுகிற ஒரு சின்னப் பலகை விற்கிறதாம், அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நான் கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்ற முடியாமல் விழித்துக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே பலகை வரும்: "முழங்காலை மடக்காதீர்கள். மூக்கால் ஊதுங்கள், வாயால் அல்ல." காற்புள்ளியைக்கூட விடவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவள் கீழே இருக்கும்போது பார்க்க வேறு ஆளாக இருக்கிறாள். முழங்கால் வலியில் மாடிப்படி ஏறாதவள், அங்கே கையைக் கட்டிக்கொண்டு, காலில் மாட்டிய துடுப்பை லேசாக அசைத்து, பஸ்ஸின் கூரைமேல் வட்டமடிக்கிறாள். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு ஞாயிறும் வாயை மூடிக்கொண்டு சாமான் மூட்டையைத் தூக்கினேன்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி. போன ஞாயிறு, வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற அந்த ரெகுலேட்டர், நீ அனுப்பியதில் புத்தம்புதியது, அதை ஆழத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்று பஸ் வரைக்கும் இறங்கினோம். மூன்று மாடி ஆழம். கீழே தண்ணீர் பல்லைக் கூசவைக்கிற குளிர். திடீரென்று உன் அக்காவின் வாய்க்குழாயிலிருந்து காற்று நிற்காமல் கொட்ட ஆரம்பித்தது. உள்ளே கல்தூள் புகுந்து வால்வு சிக்கித் திறந்தபடியே நின்றுவிட்டதாம், பிறகுதான் சொன்னார்கள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளையாக நுரை, அந்த நுரைக்குள் அவள் முகம் இல்லை. மெதுவாம்மா என் பின்பக்கம் நாலு துடுப்பு வீச்சு தள்ளி இருந்தாள். நுரை ஒரு கணம் விலகியபோது உன் அக்காவின் கண்ணைப் பார்த்தேன். கூட வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. பலகையை அவள் தொடவே இல்லை. கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டிக் காட்டினாள், காற்று இல்லை என்று.

படித்த பாடம் ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மேசையிலிருந்து துணி வழுக்கி விழும்போது கை தானாகப் போய்ப் பிடிக்குமே, அந்த மாதிரி என் கை போய், என் மார்பில் தொங்கிய மஞ்சள் குழாயை, பக்கத்து ஆளுக்கென்று வைத்திருக்கிற இரண்டாவது வாய்க்குழாயை, எடுத்து அவள் வாயில் வைத்தது. அவள் கடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. அதற்குள் மெதுவாம்மா வந்து இருவரையும் தோளில் பிடித்துக்கொண்டாள். என் உடம்பு முழுக்க மேலே ஓடு ஓடு என்று கத்தியது. அவள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்து, மெதுவாக, மெதுவாக என்று காட்டிக்கொண்டே வந்தாள். ஒரே உருளைக் காற்றை இரண்டு பேரும் குடித்துக்கொண்டு, ஒருவர் பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, எங்கள் குமிழிகளுக்கும் பின்னால், அவ்வளவு மெதுவாக ஏறினோம்.

மேலே வந்து உன் அக்கா வாய்க்குழாயை எடுத்தாள். நான் எதையோ எதிர்பார்த்தேன். "உங்க ஜிப்பு தொறந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான். திரும்பி வருகிற பஸ்ஸில் மட்டும் என் சட்டைக் கையின் முனையைப் பிடித்தவள் இறங்குகிற வரைக்கும் விடவில்லை. கசங்குகிறது என்று நானும் சொல்லவில்லை.

நீ நினைப்பாய், இதோடு விட்டிருப்பாள் என்று. மறுநாள் காலையிலேயே ரெகுலேட்டரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு வந்து, "அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும்" என்கிறாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள், அளவெடுத்தே பிழைத்தவன் சொல்கிறேன், வித்தியாசம் உண்டு. அன்று என் கை ஒரு முழம் தள்ளி இருந்திருந்தால் என்ற கணக்கிலேயே விடிந்துவிடுகிறது. நனைவதும் விழுவதும் எனக்குப் பெரிதில்லை. அந்தக் கண்ணை இன்னொரு தரம் என்னால் பார்க்க முடியாது. வேண்டாம் என்று நான் சொன்னால் கோழை என்று என்னை விட்டுவிட்டு வேறு ஆளோடு இறங்குவாள், இல்லையென்றால் மறுபடியும் ஜன்னலோரம் போய் உட்காருவாள். நீ சொன்னால் கேட்பாள். ஆகையால் எழுது.

உன் தொழில் செழிக்கட்டும், பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கட்டும், உன் வீட்டு வாசலுக்கு எந்தக் காலத்திலும் மரப்பெட்டி எதுவும் வராமல் இருக்கட்டும் என்று மனமார வாழ்த்தும்,

முழுக்கக் காயாத உன் அத்தான்.

பின்குறிப்பு: இதை எழுதி ஒட்டிக் கடைப் பையில் வைத்தவன் அஞ்சலில் சேர்க்க மறந்துவிட்டேன். இப்போது உறையைப் பிரித்து இதையும் சேர்க்கிறேன். இடையில் உன் அக்காவுக்குச் சளி பிடித்துக் காது அடைத்தது. காது மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, செவிப்பறை ரொம்ப மெல்லிசு, குளிக்கிற வாளியை விட ஆழமான தண்ணீர் இனி எந்தக் காலத்திலும் ஆகாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் பலகையைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். நான் கேட்ட விடுதலை கிடைத்துவிட்டது, கிடைத்த பிறகு அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. ஞாயிறு காலை அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நான் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டேன். "எங்க?" என்றாள். "ஒருத்தராவது போய்ப் பாத்துட்டு வரணும்ல. நீயும் வா, கரையில உக்காரு" என்றேன். வந்தாள். மெதுவாம்மாவோடு நான் இறங்கினேன். பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு கிழட்டு மீன் அசையாமல் உட்கார்ந்திருந்தது, வண்டி கிளம்ப நேரமாகிறது என்பது போல. மேலே வந்து, பாறைமேல் குடையோடு இருந்தவளிடம் அதைச் சொன்னேன். குறுக்கே பேசாமல், திருத்தாமல், கடைசி வரைக்கும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் அப்படிக் கேட்டதில்லை. ஆகையால் நீ எதுவும் எழுத வேண்டாம். விடுமுறைக்கு நாங்கள் வருகிறோம், நான் இறங்குகிறேன். படகில் அவள் உட்கார நிழலாக ஓர் இடம் மட்டும் பார்த்து வை. அவளுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருக்கும்.