சிவராசா மாஸ்டரின் நாற்பத்திரண்டு பக்கங்கள்

கிர்ர்ர்... கிர்ர்ர்... டக். வவுனியா இன்ரநெற் கடையின் பிறின்ரர் அன்று போட்ட சத்தத்தைச் சிவராசா மாஸ்டர் இன்றும் மறக்கவில்லை. ஒவ்வொரு கிர்ருக்கும் தனக்கொரு சிம்மாசனத்தின் கால் செதுக்கப்படுவதாக அவருக்குக் கேட்டது.

இரண்டாயிரத்து நாலு, சமாதான காலம். ஸ்கந்தபுரத்தில் அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு ஆறு கொம்பியூற்றர்கள் வர இருந்தன. பள்ளிக்கூடங்களில் கொம்பியூற்றரை எந்தக் கொள்கைப்படி பயன்படுத்துவது என்று இன்ரநெற்றில் உள்ளவற்றைத் தேடி, நல்லது கெட்டதை மதிப்பிட்டு அறிக்கை தரும்படி கல்வி அதிகாரி கேட்டிருந்தா. அறிக்கை திறமென்றால் கொம்பியூற்றர் அறையின் பொறுப்பும் பூட்டின் திறப்பும் எழுதியவருக்கே. ஒன்பதாம் வகுப்புக் கணிதத்திலிருந்து விடுதலை. ஜெனரேற்றரில் சுழலும் காற்றாடிக்குக் கீழே கதிரை. மாஸ்டர் அந்தக் கதிரையில் கனவிலேயே இருந்து பார்த்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் நாற்பத்திரண்டு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினான். உண்மையைச் சொன்னால், மாஸ்டரைவிட அவன்தான் கவனமாகப் பார்த்தான்.

மனைவி விமலேஸ்வரியும் அதே பள்ளிக்கூடத்து ரீச்சர்தான். குசினியில் அடுப்பருகே இருந்து, விதைக்கு வைத்த கச்சான் கடலையில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தா.

"விமலா, மூண்டு கட்டுரை. இது கலர்ப்படத்தோட இருபத்தெட்டுப் பக்கம். இதுக்குத்தான் முதலிடம்."

"ஆரப்பா எழுதினது?"

"கீழ ஒரு கொம்பனிப் பேர் கிடக்கு. கொம்பியூற்றர் செய்யிறவங்களாம்."

"விக்கிறவன் தன்ர விதையைச் சொத்தை எண்டு சொல்லுவானே? மற்றது எப்ப எழுதினது?"

"தொண்ணூற்றாறு."

"எட்டு வருசத்து விதை. மூண்டாவது?"

"அது ஆறே பக்கம். கறண்ட் இல்லாத ஏதோ ஆபிரிக்கப் பள்ளிக்கூடத்தில ஒரு கொம்பியூற்றரை நாப்பது பிள்ளையள் முறை வைச்சுப் படிச்ச கதை. படமும் இல்லை. கடைசி இடம்."

"எங்கட மண்ணில அதெல்லோ முளைக்கும்?"

"உனக்கு விளங்காது. நீ வடிவா எழுதித் தந்தாக் காணும்."

மாஸ்டரின் கையெழுத்து கோழி கிளறின முற்றம். அதனால் இருபத்திரண்டு வருசமாக அவருடைய கடிதம், விண்ணப்பம் எல்லாவற்றையும் விமலேஸ்வரிதான் அழகாக எடுத்தெழுதுவா. அவர் கீழே ஒப்பம் போடுவார். வாசித்துப் பார்ப்பது மனைவியை அவமதிப்பது என்பது அவருடைய கொள்கை. சோம்பல் என்று யாரும் சொன்னால் கோபம் வரும்.

அடுத்த மாதம் கல்வி அதிகாரி கமலாட்சி அறிக்கையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தா.

"அருமை மாஸ்டர். அந்த இருபத்தெட்டுப் பக்கத்தை ஏன் தள்ளினனீங்கள்?"

"தள்ளுறதோ! அதுதான் மிஸ் திறம். படமெல்லாம் கலர்!"

அதிகாரி அறிக்கையைப் பார்த்தா. மாஸ்டரைப் பார்த்தா. பிறகு, வாசலில் சோக்கட்டியும் கையுமாக நின்ற விமலேஸ்வரியைப் பார்த்தா.

"ரீச்சர், இது உங்கட எழுத்தோ?"

"ஓம் மிஸ். ஆர் எழுதினது, எப்ப எழுதினது, எங்கட பிள்ளையளுக்குச் சரிவருமோ எண்டு பார்த்தனான். வேறொண்டுமில்லை."

அன்று மாஸ்டருக்குச் சைக்கிள் ஓட மனமில்லை. வீடுவரை உருட்டிக்கொண்டே வந்தார்.

"என்னைக் கேக்காமல் ஏன் மாத்தி எழுதினனீ?"

"நீங்கள் வாசிச்சுப் பார்த்திட்டெல்லோ ஒப்பம் போட்டனீங்கள்?"

ஓம் என்றாலும் மாட்டுவார். இல்லை என்றாலும் மாட்டுவார். மாஸ்டர் சைக்கிள் மணியைத் துடைக்கத் தொடங்கினார்.

திரும்பவும் சண்டை மூண்டு ஊர் இடம்பெயரும்வரை, நாலு வருசம், அந்த அறையின் திறப்பு விமலேஸ்வரி ரீச்சரின் கைப்பையில் இருந்தது. சிவராசா மாஸ்டர் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தார்; இடைவேளையில் ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் விட்டார்.