கொக்கி அண்ணாச்சியின் பதினேழாவது சாண்ட்விச்

திருநெல்வேலியில் சாண்ட்விச் சாப்பிட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதைப் பிரித்து வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே மனிதர் எங்கள் கொக்கி அண்ணாச்சிதான்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். மருத்துவக் காப்பீட்டுப் பணம் கேட்டு வருகிற விண்ணப்பங்களைப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. எது வந்தாலும் அண்ணாச்சி ஒரு கொக்கி போடுவார். கையெழுத்து நீல மையிலும் தேதி கறுப்பு மையிலும் இருந்தால் ஒரு கொக்கி. குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரிடம், 'அகற்றப்பட்ட குடல்வால் தற்போது எங்கே உள்ளது?' என்று எழுதிக் கேட்டவர் அவர். அந்த ஆள் பதில் எழுதவில்லை. நேரில் வந்து பேசினார். பேசியதை இங்கே எழுத முடியாது.

நிராகரிக்கப்பட்டவர்கள் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முதலில் பார்த்தவரே மறுபடியும் பார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் அண்ணாச்சியின் நிராகரிப்புகள் எல்லாம் பக்கத்து மேஜைக்கு, அதாவது எனக்கு வரும். அவர் போட்ட கொக்கியைக் கழற்றுவதற்கே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

கொரோனாவுக்குப் பிறகு செவ்வாயும் வியாழனும் மட்டும் ஆபீசுக்கு வந்தால் போதும் என்றார்கள். அண்ணாச்சி அம்பாசமுத்திரத்திலிருந்து காலை ரயிலைப் பிடித்து வருவார். இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் அவரைவிட அவர் வீட்டம்மாவுக்குத்தான் சந்தோஷம்.

"இருபத்தேழு வருசமா ஒரு நாளும் லீவு போடாம அடுப்புல நிக்கேன். நீங்க திருநவேலி போற ரெண்டு நாளும் எனக்கு லீவுன்னுட்டா தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். "அவ கேக்கதும் நியாயந்தான. லீவு மனுவுல ஒரு குறையும் இல்ல. பாஸ் பண்ணிட்டேன்."

அவர் வாழ்க்கையில் கொக்கி போடாமல் பாஸ் செய்த ஒரே மனு அதுதான்.

முதல் செவ்வாய்க்கிழமை ஓட்டலுக்குப் போய் முழுச் சாப்பாடு சாப்பிட்டார். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று நாலு சுற்று. இரண்டரை மணிக்கு அவர் தலை மேஜையை நோக்கிப் பைய இறங்கியது. அந்த அரைத் தூக்கத்தில் கடையநல்லூரைச் சேர்ந்த ஓர் ஆண்மகனுக்குப் பிரசவச் செலவை அனுமதித்துவிட்டார். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கொக்கி போடுகிறவருக்கே கொக்கி விழுந்துவிட்டது.

"இனிமே ஆபீஸ் நாள்ல சோறு தொட மாட்டேன்" என்று சபதம் செய்தார். "தூக்கம் வராத சாப்பாடு ஒண்ணு இந்த ஊர்ல இருக்கும்லா. கண்டுபிடிக்கேன்."

அப்படித்தான் சாண்ட்விச் படலம் தொடங்கியது. ஆபீசிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பேக்கரி, ஜூஸ் கடை, காபிக் கடை என்று எதையும் விடவில்லை. செவ்வாய்க்கு ஒன்று, வியாழனுக்கு ஒன்று. போய்விட்டு வந்ததும் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் தீர்ப்பை எழுதிவிடுவார். விண்ணப்பத்துக்கு எழுதுகிற அதே நடை.

'கடை ஒன்று. நிராகரிக்கப்பட்டது. காரணம்: ரொட்டியில் புளிப்பு. மாவு பழையதாக இருக்கலாம்.'

'கடை நான்கு. நிராகரிக்கப்பட்டது. வெள்ளரிக்காய் ஆறு வில்லை என்று பலகையில் உள்ளது. எண்ணியதில் ஐந்து. சீஸ் புளித்துள்ளது.'

'கடை ஒன்பது. நிராகரிக்கப்பட்டது. குளிர்சாதன வசதி நன்று. தக்காளி சாஸில் புளி வாசம்.'

அந்த ஒன்பதாவது கடையில் சாண்ட்விச்சின் தலையில் ஒரு பல்குத்தும் குச்சியைக் குத்தி வைத்திருந்தார்களாம். அது எதற்கு என்று கேட்டிருக்கிறார். கலையாமல் இருக்க என்று பரிமாறிய பையன் சொல்லியிருக்கிறான். "கலைஞ்சாத்தானவே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்? எதை மறைக்கீரு?" என்று கேட்டுக் குச்சியைப் பிடுங்கிக் காகிதத்தில் மடித்து ஆதாரமாகக் கொண்டுவந்துவிட்டார். வெகுநாள் அது அவர் பேனா ஸ்டாண்டில் இருந்தது.

பதினாறு கடை, பதினாறு நிராகரிப்பு. நாங்கள் அறுபது பேரும் அதைப் படித்துச் சிரித்தோம். சிரித்தோமே தவிர, அவர் நிராகரித்த கடைக்கு யாரும் போகவில்லை. கொக்கி அண்ணாச்சி தப்பாகச் சொல்லமாட்டார் என்பதில் எங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பெரிய கடைகளுக்கு நாங்கள் போகாததால் ஒன்றும் குடி முழுகவில்லை. பதினேழாவதுதான் விவகாரமானது.

அது கடைகூட இல்லை. எங்கள் கட்டடத்துக்கு எதிரே நிற்கிற ஒரு பழைய ஆம்னி வேன். வைத்திருந்தவர் ஸ்டெல்லா. திசையன்விளைக்காரர். புருசன் தவறிய பிறகும் கொழுந்தனின் பம்பாய்க் கடையில் பத்து வருசம் சாண்ட்விச் போட்டவர். உருளைக்கிழங்கு, பீட்ரூட், பச்சைச் சட்னி வைத்து இரும்பு அச்சில் அழுத்திச் சுட்டுக் கொடுப்பார். இனி சொந்தமாகத்தான் தொழில் என்று ஊருக்கு வந்து, அந்த வேனை நம்பி உட்கார்ந்திருந்தார். ஒரு மாசம் எங்கள் ஆபீஸ் கூட்டம்தான் அவருக்கு வியாபாரம்.

'கடை பதினேழு. நிராகரிக்கப்பட்டது. இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றுக்கும் உள்ளே அடிதடி. பீட்ரூட் மீது சந்தேகம்.'

அடுத்த ஆபீஸ் நாளிலிருந்து வேன் முன்னால் ஈ காக்கை இல்லை. நானும் போகவில்லை. என்னிடம் தயிர்சாதம் இருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஸ்டெல்லா படியேறி வந்து அண்ணாச்சியின் மேஜை முன்னால் நின்றார்.

"நீங்கதான கொக்கி சாரு?"

"ஆமா. என்னம்மா வேணும்?"

"என் பீட்ரூட்டு மேல என்ன சந்தேகம் ஒங்களுக்கு? காலையில அஞ்சு மணிக்கு எந்திச்சு வேக வைக்கேன். நீங்க எழுதுன பொறவு ஒரு ஆளு எட்டிப் பாக்கல. இந்த மாசம் பூராவும் இப்படியே போச்சுன்னா வண்டிய வித்துட்டுத் திரும்பவும் கொழுந்தன் கடைக்குத்தான் போணும். அவங்க வீட்டுல அண்டிக் கெடந்தது போதும்னுதான் சாரு வந்தேன்."

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். ஆனால் முப்பது வருசப் பழக்கம் விடுமா? "எழுத்துல குடும்மா. முப்பது நாள் டைம் இருக்கு" என்றார்.

ஸ்டெல்லாவிடம் வேறு தாள் இல்லை. சாண்ட்விச் சுற்றுகிற காகிதத்திலேயே எழுதிக் கொடுத்தார். அண்ணாச்சி அதில் தேதி முத்திரை குத்தி, என் மேஜைக்குத் தள்ளினார். "மேல்முறையீடு. நான் பாக்கப்பிடாது. நீ பாரு தங்கச்சி."

நெய்ப்பிசுக்கோடு ஒரு மேல்முறையீடு வந்தது அதுதான் முதல் தடவை. நான்கு வரிதான். நான்காவது வரியில் என் கண் நின்றது. 'சார் என் சான்விச்சை பிரிச்சு, பையில் இருந்து ஒரு டப்பா எடுத்து, என்னமோ கறுப்பா அதுமேல் பூராவும் ஊத்தினார். என்ன என்று கேட்டேன். மருந்து என்றார்.'

நான் வாட்ஸப்பைத் திறந்து பதினேழு தீர்ப்பையும் மறுபடி படித்தேன். ரொட்டியில் புளிப்பு. சீஸில் புளிப்பு. சாஸில் புளி. ஊரில் உள்ள அத்தனை கடையும் சேர்ந்து எப்படிப் புளிக்கும்?

"அண்ணாச்சி, அந்த டப்பாவ எடுங்க."

"எந்த டப்பா?"

"விசாரணை அதிகாரி கேக்கேன். எடுங்க."

பையிலிருந்து உள்ளங்கை அளவு எவர்சில்வர் டப்பா வந்தது. திறந்தேன். இஞ்சிப் பச்சடி. நம் ஊரில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தால் அது செரிக்க வேண்டும் என்று கூடவே வைப்போமே, இஞ்சியும் புளியும் வெல்லமும் பச்சைமிளகாயும் போட்டு, அதேதான். அதைத்தான் மனுசன் சீஸ் மேலும் சாஸ் மேலும் பச்சைச் சட்னி மேலும் டப்பா காலியாகும்வரை கொட்டிச் சாப்பிட்டிருக்கிறார். கொட்டிவிட்டு, புளிக்கிறது என்று கொக்கியும் போட்டிருக்கிறார்.

"ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணுதீய?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "லீவுன்னு சொன்னாளே தவிர, வெளியில திங்க மனுசனுக்கு வயிறு கெட்டுரக் கூடாதேன்னு இத மட்டும் செஞ்சு பையில வச்சிருதா. கொண்டு போன மாதிரியே திருப்பிக் கொண்டு போனா அவ மூஞ்சி எப்படி இருக்கும்? கீழ கொட்டவும் மனசு வரல. அதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "ஒங்க வீட்டம்மா மூஞ்சி வாடக் கூடாதுன்னு ஸ்டெல்லா மூஞ்சிய வாட வச்சிருக்கீய அண்ணாச்சி" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து நான் உத்தரவு போட்டேன். மறு பரிசோதனை, பச்சடி இல்லாமல், என் முன்னிலையில், செவ்வாய்க்கிழமை மதியம்.

செவ்வாய்க்கிழமை மொத்த ஆபீசும் ஜன்னலில் நின்றது. வேன் ஓரத்தில் ஸ்டெல்லா அச்சைத் திருப்பித் திருப்பிச் சுட்டார். அண்ணாச்சி டப்பாவை என் கையில் ஒப்படைத்தார். வழக்கம்போல் சாண்ட்விச்சைப் பிரிக்கக் கை போனது. நான் பார்த்த பார்வையில் கை திரும்பிவிட்டது. கடித்தார். மென்றார். இரண்டாவது கடி. மூன்றாவது கடியில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். படிக்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

"இன்னொண்ணு போடும்மா" என்றார் ஸ்டெல்லாவிடம்.

சாயங்காலம் குழுவில் எழுதினார். 'கடை பதினேழு அனுமதிக்கப்பட்டது. முந்தைய பதினாறு நிராகரிப்புகளும் திரும்பப் பெறப்படுகின்றன. காரணம்: பரிசோதகர் பிழை.' பச்சடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் தன் தப்பை அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதோடு விட்டாரா? அதன்பிறகு ஒவ்வொரு ஆபீஸ் நாளும் பன்னிரண்டரைக்கே வேன் முன்னால் போய் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்தார். "ஏலே, அங்கன எங்க போற? இங்கன வா. பீட்ரூட்டு சுத்தம். நான் சர்டிபிகேட் தாரேன்." அடுத்த மாசம் வேனுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். ஸ்டெல்லா பம்பாய்க்குப் போகவில்லை.

பச்சடி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். டப்பா காலியாகத்தானே ஊர் போய்ச் சேர வேண்டும்? செவ்வாயும் வியாழனும் அது என் தயிர்சாதத்துக்கு வந்தது. இரண்டு வருசம் சாப்பிட்டேன். அப்படி ஒரு பச்சடியை நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

போன வருசம் அவர் ஓய்வுபெற்ற அன்று வீட்டம்மாவும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "லீவுன்னு பேருதான் தாயி. டப்பாவ வழிச்சு நக்குன மாதிரி கொண்டு வாராரு. இவ்வளவு ஆசையாத் திங்காரேன்னு, லீவு நாளைக்கும் இஞ்சி நறுக்குதேன்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார்.

கிளம்பும்போது அண்ணாச்சி அந்த டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைசிப் பச்சடி. அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட்டேன். வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று நானே பச்சடி செய்து பார்க்கிறேன். நாலு தடவை செய்தாயிற்று, நாலு தடவையும் நானே நிராகரித்தேன். கொக்கி போட அவர் பக்கத்தில் இல்லாதது எனக்குப் பெரிய குறைதான்.