ஃபாஸ்ட் மாமாவும் ஏழு பரீட்சைகளும்

மாட்டுங்காவில் நிற்காத ரயிலைப் பிடித்துத்தான் மாட்டுங்காவுக்கு வர வேண்டும் என்று நம்பிய ஒரே ஜீவன், இந்த மும்பையிலேயே எங்கள் நாலாவது மாடி ஃபாஸ்ட் மாமாதான். ரிட்டயரான பிறகும் ஃபோர்ட் பக்கம் சிநேகிதர்களைப் பார்க்கப் போவார். திரும்பும்போது வி.டி. ஸ்டேஷனில், எல்லா ஊரிலும் நின்று போகிற ஸ்லோ வண்டி காலியாக நிற்கும். ஏறமாட்டார். ஃபாஸ்ட்டில் நசுங்கி, கண்ணெதிரே மாட்டுங்கா ஓடி மறைவதைப் பார்த்துவிட்டு, குர்லாவில் இறங்கி, ஸ்லோவில் திரும்பி வருவார். கேட்டால், "வேகமா வந்தேனா இல்லையா, அதைச் சொல்லு" என்பார்.

கல்யாணப் பந்தியில் முதலில் பாயசத்தைக் கேட்பார். எங்கள் கட்டட சொசைட்டி மீட்டிங்கில் செக்ரட்டரி விஷயத்தைப் படிப்பதற்குள் "பாஸ், பாஸ்!" என்று கை தூக்கிவிடுவார். அப்படித்தான் ஒருமுறை லிஃப்டை மாதக்கணக்கில் மூடும் தீர்மானம் நிறைவேறியது. மூச்சிரைக்கப் படியேறியவரும் அவர்தான்.

இப்படிப்பட்டவர் காதில், என் மகள் காவ்யா அமெரிக்காவில் பொறியியல் படிக்கப்போகிற சேதி விழுந்தது. அத்தோடு ஏ.பி. பரீட்சை பற்றியும் விழுந்து தொலைத்தது. பள்ளியில் இருக்கும்போதே அதை எழுதி நல்ல மார்க் வாங்கினால், கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படித்து முடித்ததாகவே கிரெடிட் கொடுப்பார்கள். எதை எழுதினால் பிரயோஜனம் என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது மாமா நுழைந்தார்.

"ஏழு எழுதச் சொல்லு. ஒரு வருஷம் மிச்சம்!"

"மாமா, அவ காலேஜ்ல பாதிக்குக் கிரெடிட்டே கிடையாது. ஃபிஸிக்ஸ்ல முழு மார்க் வாங்கினாலும் என்ஜினியரிங் பசங்க மறுபடி படிச்சே ஆகணுமாம்."

"எழுதி வெச்சுக்கட்டுமே. நஷ்டமா?"

மறுநாள் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடையிலிருந்து அம்மிக்கல் கனத்தில் ஒரு கைடைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓவிய வரலாறு!

"அவ என்ஜினியரிங் போறா மாமா!"

"ஏன், என்ஜினியர் படம் பாக்கப்படாதா?"

காவ்யா பாவம், அவர் பேச்சைக் கேட்டு ஏழுக்கும் படிக்க ஆரம்பித்தாள். சாப்பாடு இறங்கவில்லை. தொட்டதற்கெல்லாம் அழுகை. ஒருநாள், "அரே மாமா, என்னால முடியல!" என்று கத்தியே விட்டாள். கடைசியில் கல்லூரி ஒத்துக்கொள்கிற கால்குலஸ், கெமிஸ்ட்ரி, எகனாமிக்ஸ் மூன்று மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். பதிவு செய்து முடித்த மாலை மாமா வந்தார்.

"மூணுதானா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "குழந்தையை ஏன் இப்படி விரட்டறேள்? நாலு வருஷம் நிதானமாப் படிச்சுட்டு வரட்டுமே! உங்களுக்கு என்ன அவசரம்?"

 மாமா வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார்.

"ஏழு எழுதினா ஒரு வருஷம் முன்னாடியே ஆத்துக்கு வந்துடுவாளேடா. எனக்கும் வயசாறது."

 காவ்யா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காவ்யா கிளம்பிப்போன மறுவாரம் வி.டி.யில் மாமாவைப் பார்த்தேன். ஸ்லோ வண்டி காலியாக நின்றது. நான் அவர் பின்னாலேயே ஃபாஸ்ட்டில் ஏறி நசுங்கினேன். மாட்டுங்கா ஓடி மறைந்தது. குர்லா போய்த் திரும்பினால் மாமாவோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்.