மாப்பிள்ளை மரியாதையும் ஜிம்மியின் மாத்திரையும்

மாமியார் வீட்டாரிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதவன் நாய் வளர்க்கக் கூடாது. எனக்கு இது ஒரு பௌர்ணமி நாளில் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமான புதிது, வேங்கிக்காலில் வாடகை வீடு. என் மனைவி வசந்தியின் சீர்வரிசையில் பீரோ, கட்டிலோடு ஜிம்மியும் வந்து சேர்ந்தது. வயதான நாய். இதயம் வீங்கிப்போய் இருமிக்கொண்டே இருக்கும். மனிதர்களுக்குப் பிரஷருக்குத் தரும் மாத்திரையையே பாதியாக உடைத்துத் தரச் சொன்னார் கால்நடை டாக்டர்.

“அளவு ஜாஸ்தியானா பிரஷர் எறங்கிடும், கிட்னியும் கெட்டுடும். தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும்” என்றார். நானும் பெரிய மருத்துவ மேதை போலத் தலையாட்டினேன்.

அன்று வசந்தி பரீட்சை எழுத வேலூருக்குக் கிளம்பினாள். “ஜிம்மி உங்க பொறுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும், கிரிவலம் வருவதற்காக மாமனாரும் மாமியாரும் ஆரணியிலிருந்து வந்து இறங்கினார்கள். மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். விடிந்ததுமே வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. (பேசுற ஜோர்ல மறந்துட்டேங்க!)

‘குடுத்தாச்சா?’ என்று மாப்பிள்ளையைக் கேட்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. எனவே மாமியார் கேட்காமலே இட்லிக்குள் வைத்துக் கொடுத்தார். சீக்கிரம் குணமாகட்டும் என்று முழு மாத்திரை! மனைவியை எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத மாமனார் வடையில் வைத்துக் கொடுத்தார். தண்ணீர் குடித்தால் இருமல் அதிகமாகும் என்று மாமியார் கிண்ணத்தையும் கவிழ்த்து வைத்தார். அதை மட்டும் நான் பார்த்தேன். மாமியாரைப் போய் எப்படித் தடுப்பது என்று பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஜிம்மி எழுந்தது, தள்ளாடியது, விழுந்தது. ஈறு வெளுத்துவிட்டது. கூப்பிட்டால் வால்கூட அசையவில்லை.

பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ ஏது? ஜிம்மியைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பின்னால் மாமனார், அவருக்குப் பின்னால் மாமியார். எதிரே வந்த ஓர் அம்மா எங்களை நிறுத்தி, நாய்க்கும் எனக்கும் விபூதி பூசிவிட்டு, “அண்ணாமலையார் பாத்துக்குவாரு, அழாதீங்க” என்றார். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“மாத்திரை யாரு குடுத்தது?” என்றார் டாக்டர்.

“நான்தான் சார்.”

“நானும்தாங்க” என்றார் மாமியார்.

மாமனார் வேட்டியைச் சரிசெய்தபடி, “வடையில...” என்று இழுத்தார்.

“ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கவே மாட்டீங்களா?” என்று சலித்துக்கொண்டே டாக்டர் சலைன் ஏற்றினார்.

சேதி கேட்டு வசந்தி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஜிம்மியின் காதைத் தடவிக்கொண்டே, “ஒரே ஒரு வேலதானேங்க சொன்னேன்” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜிம்மி பிழைத்தது. ஆனால் கிட்னி பழையபடி ஆகவில்லை, அடுத்த தை மாதம் வரைதான் இருந்தது. அதுவரை நான் பிஸ்கட் நீட்டினால் முகர்ந்துவிட்டு வசந்தியின் முகத்தைப் பார்க்கும். அவள் ‘சாப்டு’ என்றால்தான் வாயைத் திறக்கும்.

இன்றைக்கும் மாமியார் வீட்டு விசேஷங்களில் நான் சாம்பார் வாளியைத் தூக்கினால் போதும். பந்தி மொத்தமும் வசந்தி பக்கம் திரும்பி, “சாப்டலாமாம்மா?” என்று கேட்கிறது. அவள் தலையாட்டும்வரை ஒருவரும் சோற்றில் கை வைப்பதில்லை.