கல்யாண அறிவிப்பின் மேல் அடித்த சுண்ணாம்பு

புதுச்சேரி,
6-2-1984, திங்கட்கிழமை

மேன்மை பொருந்திய சம்பந்தி ஜானகிராமன் அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற கண்ணையன் கைகூப்பி எழுதுவது. தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை வடிவேலும் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசுதான் சரியில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அரியாங்குப்பம், சைக்கிளில் அரை மணி நேரம். நேரில் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்ல முகமில்லாமல் கடிதமாக எழுதுகிறேன். வரும் வெள்ளிக்கிழமை நம் பிள்ளைகளின் கல்யாணம் நடக்காது. அதற்குக் காரணம் நான்.

மில்லிலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் மேரிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் கமிட்டிக்கு நான் தலைவன் என்பது தாங்கள் அறிந்ததே. நிச்சயதார்த்தத்தன்றுகூடப் பாதியில் எழுந்து காரை குழைக்கப் போனேன், தாங்கள் பெருந்தன்மையாய்ச் சிரித்தீர்கள். பிரெஞ்சுக்காரன் காலத்து நகரசபைக் கட்டடம், நம் பிறப்பும் சாவும் கல்யாணமும் அங்கேதான் பதிவு, அது மழைக்கு ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஊரார் கட்டடத்தில் ஊராரைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது என்று நான் ஒரே பிடிவாதமாக நின்று, பதினொரு கூட்டம் போட்டேன். காரையில் கலக்க வீடு வீடாக வெல்லம் வாங்கினோம், அதில் பாதி கூட்டத்துக் காபிக்கே போய்விட்டது. சுவருக்கு என்ன நிறம் என்பதற்கு மட்டும் நாலு கூட்டம். குருசுக்குப்பத்திலிருந்து வந்த குஞ்சம்மாள், தன் வீட்டுப் படகுக்கு அடிக்கும் நீலம்தான் வேண்டும் என்று நின்றாள். "கடலப் பாத்துக்கினு நிக்குது, அதுக்கு நீலம் அடிக்காம வேற இன்னாத்த அடிப்பீங்க?" என்றாள். ஒருவர் மனமும் நோகக்கூடாதென்று ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டு, கடைசியில் முன்பிருந்த வெள்ளையே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையும் வாளியுமாய் வந்துவிட்டார்கள். கல்யாணப் பெண் வெயிலில் நிற்கக்கூடாது என்று சொல்லியும் கேட்காமல் என் மகள் சுலோசனாவும் வந்தாள். வராந்தாச் சுவரைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டு, "ஒரு பொட்டுகூடப் பழசு தெரியக் கூடாதும்மா" என்று ஏணிமேல் நின்று கத்தியவன் நான்தான். அந்தச் சுவரில்தான் வடிவேல் - சுலோசனா கல்யாண அறிவிப்பு ஒட்டியிருந்தது. இன்று காலை போனால் சுவர் பால்போல் இருக்கிறது, காகிதத்தைக் காணோம். மாப்பிள்ளை பிரெஞ்சுப் பிரஜையாதலால் அறிவிப்பு பத்து நாள் கண்ணில் படும்படி இருக்கவேண்டுமாம், ஏழாம் நாளே மறைந்துவிட்டதால் மறுபடி ஒட்டி முதலிலிருந்து எண்ண வேண்டுமாம். குமாஸ்தாவிடம் கெஞ்சினேன். "நீங்கதான சார் அடிக்கச் சொன்னீங்க?" என்றார். புது அறிவிப்பை இன்றே ஒட்டியாயிற்று. ஆனால் மாப்பிள்ளைக்குப் பதினாலாம் தேதி விமானம், பட்டாளத்து லீவு ஒரு நாளும் நீளாது. மேரிப் பதிவில்லாமல் பெண் பிரான்சுக்குப் போகவும் முடியாது.

சுலோசனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மத்தியானம் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள், துக்கத்தில் சிலருக்கு அப்படிப் பசிக்கும் போலிருக்கிறது. பெற்ற மகளின் வாழ்வைக் கெடுத்த பாவியாகிவிட்டேன். மாப்பிள்ளை அடுத்த லீவில் வரும்வரை பெரிய மனசு பண்ணிக் காத்திருக்க வேண்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு என் ஆசியையும், எல்லோரிடமும் நான் கேட்கும் மன்னிப்பையும் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
கண்ணையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதைச் சுலோசனாவுக்குப் படித்துக் காட்டினேன். "நீ ஒண்ணும் பண்ணலப்பா. அந்தக் காயிதத்து மேல நான்தான் அடிச்சேன். எழுத்து தெரிஞ்சுது, இன்னும் ரெண்டு தடவ அடிச்சேன்" என்றாள். மாப்பிள்ளைமேல் குறையொன்றும் இல்லையாம், கல்யாணத்தில்தான் இஷ்டமில்லையாம். முன்னாலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கத்தினேன். "செவுத்துக்கு இன்னா நெறம்னு ஊரையே ஒக்காரவச்சுக் கேட்ட. என்னைய ஒரு தடவ கேட்டியா?" என்றாள். உறையை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆகையால் தாங்கள் காத்திருக்க வேண்டாம். நான் கேட்ட மன்னிப்பு மட்டும் அப்படியே இருக்கட்டும், இப்போது அது முன்னைவிட அதிகமாக வேண்டியிருக்கிறது. புது அறிவிப்பை நாளைக் காலையில் எடுத்துவிடச் சொல்கிறேன். இதற்குக் கூட்டம் எதுவும் போடப்போவதில்லை.