பூட்டில் தொங்குகிறவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. வருஷம் முழுவதும் நம்மைப் போலவே தின்று, தூங்கி, தெருவில் நாலு பேரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்த நிமிஷம் சுயரூபத்தைக் காட்டிவிடும். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் பூட்டில் தொங்குகிறவர். வாசலைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், நம்பிக்கை வராமல் இரண்டு கையாலும் பிடித்து உடம்பின் முழு எடையையும் போட்டுத் தொங்குவார். பூட்டு தாங்கும். அதை மாட்டியிருக்கும் நாதாங்கிதான் பாவம், வருஷா வருஷம் கொஞ்சம் கழன்றுகொண்டே வரும். திருடன் செய்யவேண்டிய வேலையில் பாதியை இவரே செய்து கொடுத்துவிட்டு ரயில் ஏறுவார்.

காரைக்காலில் எங்கள் தெருவில் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி ஒருவர் இருந்தார். முசே ரொபேர், பிரெஞ்சு மரியாதையை எடுத்துவிட்டுச் சொன்னால் ரொபேர் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர். யுத்தம் பார்த்த மனுஷன் எதற்கும் அஞ்சமாட்டார் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் வெள்ளை மனசு. எழுபத்தொன்பதாம் வருஷம் மே மாதம் அவர் மனைவி ரோசலியுடன் கொடைக்கானல் கிளம்பிய கதையைக் கேளுங்கள்.

ஊருக்குப் போவது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது இவர்களுடைய முதல் கொள்கை. அதனால்தான் ஒரு வாரம் முன்பிருந்தே ஆள் ஆளாகக் கூப்பிட்டு ரகசியம் சொல்வார்கள். பால்காரரிடம் சொல்லியாயிற்று, தபால்காரரிடம் சொல்லியாயிற்று, சவரக்கடையில் பாதி முகத்துச் சோப்போடு சொல்லியாயிற்று. கடைசியாகக் கருக்களாச்சேரியிலிருந்து கூடை தூக்கி வரும் ராசாத்தி.

"நாளையிலேருந்து மீன் வாணாம் ராசாத்தி. ரெண்டு வாரம் ஊர்ல இருக்கமாட்டோம். யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார் முசே.

"நான் ஏங்க சொல்லப்போறேன்" என்று ராசாத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். முசே வீட்டு வஞ்சிரம் ஏன் மிஞ்சியது என்று அங்கே கேட்டால் அவள் பொய்யா சொல்வாள்?

இனிப் பூட்டுப் படலம். வாசலுக்கு இரண்டு, கொல்லைக்கு இரண்டு, மாடிக்கு ஒன்று. அரிசி டின்னுக்கும் ஒன்று. எல்லாம் முடிந்தபிறகு அவர் கண் கிணற்றின்மேல் விழுந்தது. எங்கள் தெருவில் மற்றக் கிணறுகளில் உப்புத்தண்ணீர். முசே வீட்டுக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் திறந்த கிணறு; பக்கத்து வீட்டு ஆஸியா பீவி பல வருஷமாகத் தன் பக்கத்திலிருந்து அதில்தான் குடிக்க எடுப்பார். தச்சரை வரவழைத்து, பலகையில் மூடி செய்து, முசே அதற்கும் ஒரு பூட்டு மாட்டினார்.

ஆஸியா பீவிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஆரிபாவின் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் நாகூரிலிருந்து வருகிறார்கள். முசே வீட்டுச் சுவரை ஒட்டிக் கீற்றுப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. மூடியைப் பார்த்ததும் அந்த அம்மாள் ஓடி வந்தார்.

"கெணத்தை மட்டுமாவது தொறந்து வச்சிட்டுப் போங்க முசே. கலியாண வீடு, தண்ணி இல்லாம என்ன செய்வேன்?"

"கெணத்துக்குள்ள எறங்கி அந்தாண்டை ஏறி வந்தா திருடனுக்கு நேரா சமையல்கட்டு. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

ஆஸியா பீவி யோசித்துப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.

"சாவிய இவங்ககிட்டயே குடுத்துட்டுப் போவோம்ங்க" என்றார் ரோசலி.

"இவங்க நல்லவங்கதான்" என்றார் முசே, அந்த அம்மாளை எதிரிலேயே வைத்துக்கொண்டு. "ஆனா கலியாணத்துக்கு யார் யாரோ வருவாங்கள்ள?"

ஆஸியா பீவி திரும்பிப் போனார். மாட்டுவண்டிக்குச் சொல்லி, பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்துகொண்டார்.

கடைசியாக முசேயின் ராஜதந்திரம். வீட்டில் ஆள் இருப்பதாகத் திருடன் நம்பவேண்டுமே! பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த பெரிய ரேடியோவை ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் வைத்து, இலங்கை வானொலியைத் திருகிவிட்டு, அப்படியே கதவைப் பூட்டினார். நிலையம் மூடியபிறகும் அது உஸ்ஸென்று இரைந்துகொண்டே கிடந்தது. அந்த இரைச்சலையும் ஒரு குடும்பம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நம்புகிற அளவுக்கு மூடனான திருடன் காரைக்கால் வட்டாரத்தில் உண்டா? முசே அதையெல்லாம் யோசிக்கவில்லை. தொங்கினார். போனார். தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மறுபடியும் தொங்கினார். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பேரளம் ரயிலைப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பந்தலில் ஜனம் நிறைந்துவிட்டது. பின்னால் பிரியாணிக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது. அப்போதுதான் முசே வீட்டு ஜன்னலிலிருந்து புகை வந்தது. நாள் கணக்கில் ஓய்வில்லாமல் இரைந்த ரேடியோ சூடேறித் திரையைப் பற்றவைத்துவிட்டது. ஜன்னலுக்கும் கீற்றுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. உள்ளே போகச் சாவி கொடைக்கானலில். கிணற்றின்மேல் பூட்டு.

ஆஸியா பீவியின் தம்பி மன்சூர் அலி கடப்பாரையோடு ஓடினார். கூடவே மாப்பிள்ளையின் மாமன், போலகத்திலிருந்து வந்த பந்தல்காரர், பெயர் தெரியாத இன்னும் பத்துப் பேர். முசே பயந்தாரே, அந்த யார் யாரோ. இத்தனை வருஷம் அவரே தொங்கித் தொங்கி ஆட்டிவைத்திருந்த நாதாங்கி இரண்டே நெம்பில் பெயர்ந்து வந்தது. அந்த ஒரு உபகாரத்தை நான் மறைக்கமாட்டேன்.

"சோத்துக்கு வச்ச தண்ணிய எடுத்து ஊத்துங்க" என்றார் ஆஸியா பீவி. "சோறு பொறவு ஆக்கிக்கலாம்."

பீப்பாய்த் தண்ணீர் முழுவதும் முசேயின் கூடத்தில் போயிற்று. ரேடியோவும் திரையும் ஒரு நாற்காலியும் எரிந்ததோடு சரி, வீடு தப்பியது. பந்தலில் பாதியைப் பயத்தில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வெயிலில் உட்கார்ந்தார். நாகூர் சம்பந்திகள் பசியோடு காத்திருந்து மாலையில்தான் சாப்பிட்டார்கள். மகள் கலியாணத்துப் பந்தியில் கடுகளவு குறையும் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த அந்த அம்மாள், அன்று ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்தேன்.

முசே திரும்பி வந்தார். கரிபிடித்த கூடத்தைப் பார்த்தார். பிரித்துப்போட்ட பந்தல் கீற்றுகளையும் பார்த்தார். ஆஸியா பீவியிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"என் பூட்டை யாரு ஒடச்சது?"

அடுத்த கோடைக்கு அவர் வாசலில் இன்னும் பெரிய பூட்டு தொங்கியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். உங்கள் வாசல் பூட்டுக்கு எத்தனை லீவர் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவீர்கள். பக்கத்து வீட்டில் கலியாணம் என்றைக்கு? அதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.