என் தங்கச்சி கல்யாணமா இருந்தாலும்

சில பேருக்குக் குடியால் கெடுதல் வரும், சில பேருக்குச் சீட்டாட்டத்தால் வரும். எனக்கு வந்த கெடுதல் எல்லாம் என் குரலால் வந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது. (என் மனைவி கல்யாணமான ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.)

எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயசு. ஊர் அடி அண்ணாமலை. அப்பா நிலத்தில் இறங்கி வேலை செய்தார். நான் டவுனில், தேரடிப் பக்கம் ஒரு மைக் செட் கடையில் அறிவிப்பாளன். காதர் பாயின் ஜட்கா வண்டியில் ரெண்டு ஹாரனைக் கட்டி, பேட்டரியைக் காலடியில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவேன். கொட்டாயில் படம் மாறினால் நான், ஜவுளிக்கடையில் தள்ளுபடி என்றால் நான், யாராவது செத்துப்போனாலும் நான். குதிரைக்குக்கூட என் குரல் பிடிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் ஊருக்குள் காலரா வந்தது. அதில் தமாஷ் ஒன்றும் இல்லை. குளத்துத் தெருவில் காலையில் தண்ணி எடுக்கப் போன மனுஷி சாயங்காலம் உயிரோடு இல்லை. ஒரே வீட்டில் ரெண்டு பிள்ளைகளைத் தூக்கினார்கள். சுகாதார ஆபீசிலிருந்து தினம் ஒரு சீட்டு வரும். அதை ஊருக்குப் படித்துக் காட்டுவது என் வேலை.

சீட்டு நாளுக்கு ஒன்று பேசியது. திங்கட்கிழமை சோடாக்கடை மூட வேண்டும். செவ்வாய்க்கிழமை சோடா விற்கலாம், ஐஸ் போடக்கூடாது. புதன்கிழமை ஐஸ் பரவாயில்லை, மோர் கூடாது. ஊசி போட்ட சீட்டு இல்லாமல் பஸ்ஸில் ஏறக்கூடாது என்று ஒரு நாள், இறங்கக்கூடாது என்று மறுநாள். ("ஏறினவன் இன்னா பண்றது, பஸ்லயே குடித்தனம் நடத்தறதா?" என்று ஒரு கண்டக்டர் என்னைக் கேட்டார்.) ஒரு ஊசி ஆறு மாசம் தாங்கும் என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள். கோயில் வாசலில், மூணு மாசம்தான் என்று சொல்லி இன்னொரு கையிலும் குத்தினார்கள்.

அப்புறம் வந்தது வாய்க்கட்டு. சாப்பாடு பரிமாறுகிறவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டுமாம். ஓட்டல் சர்வர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே பார்த்து "ரெண்டு ரோஸ்ட்!" என்று கத்த வேண்டி வந்தபோது மட்டும் துணியை இறக்கி, கையிலிருந்த இட்லித் தட்டு மேலேயே கத்திவிட்டு, மறுபடி ஏற்றிக் கட்டிக்கொண்டார். தோசை சுடுகிற மாஸ்டருக்குக் கட்டு வேண்டாம், ஏனென்றால் சீட்டில் 'பரிமாறுகிறவர்கள்' என்றுதான் இருந்தது. தெருவோரம் இட்லி விற்கிற அம்மாவுக்குக் கட்டு உண்டு. ஆபீஸ் கேன்டீனுக்குக் கிடையாது.

ஜனங்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? சீட்டு எழுதுகிறவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தினமும் ஜட்காவில் உட்கார்ந்து வருகிறவன் நான். அதனால் ஊர்த் திட்டு முழுக்க எனக்கு. "டேய் மைக்கு, சினிமாக் கொட்டாய் தொறந்து வெச்சிருக்கான், எம் மோர்ப்பானைய மூடச் சொல்றியே, உனக்கு வாய் கூசல?" என்று மோர்க்கார அம்மா நடுத்தெருவில் நின்று கேட்டாள். நான் ஒலியைக் கொஞ்சம் ஏற்றினேன்.

வியாழக்கிழமை வந்த சீட்டில், நகர எல்லைக்குள் எந்த விசேஷத்திலும் பந்தி போடக்கூடாது, மீறினால் சாப்பாட்டைப் பறிமுதல் செய்து கொட்டுவோம் என்று இருந்தது. முதல் தெருவில் படித்து முடிப்பதற்குள் ஒருவர் குறுக்கே வந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தார். வெல்லமண்டி ஏகாம்பரம். மறுநாள் அவர் பெண்ணுக்கு டவுன் சத்திரத்தில் கல்யாணம்.

"மாப்ள வூட்டுக்காரங்க போளூர்லேர்ந்து வந்து எறங்கிட்டாங்க. இப்ப வந்து பந்தி கூடாதுன்னா இன்னாப்பா அர்த்தம்?"

"சீட்ல இருக்கறதப் படிக்கிறேங்க."

"கோயில்ல கூட்டம் நிக்கலாம், கொட்டாய்ல கூட்டம் உக்காரலாம். எம் பொண்ணு கல்யாணத்துல துண்ணாதான் காலரா வருமா? உன் வூட்டு விசேஷமா இருந்தா இப்படிக் கத்துவியா நீ?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடியிருப்பான். கூட்டம் கூடிவிட்டது, மைக் ஆனில் இருக்கிறது, எனக்கு இருபத்திரண்டு வயசு. எழுந்து நின்றேன்.

"என் சொந்தத் தங்கச்சி கல்யாணமா இருந்தாலும், அந்தப் பந்தியில ஒரு வாய் சோறு தொட மாட்டேன்! உயிர்தான் பெரிசு!"

ரெண்டு பேர் கை தட்டினார்கள். ஏகாம்பரம் கடிவாளத்தை விட்டுவிட்டுப் போனார்.

"தம்பி, அது சீட்ல இல்லியே" என்றார் காதர் பாய்.

"ஒரு உணர்ச்சில வந்துடுச்சு பாய்."

"உணர்ச்சி ஜாஸ்தியா கீது தம்பி. கம்மி பண்ணு."

கம்மி பண்ணவில்லை. கை தட்டல் கேட்ட வாய் சும்மா இருக்குமா? மூணு நாளும் எல்லாத் தெருவிலும் அதையே சொன்னேன். (சனிக்கிழமை தொண்டையில் ஒரு விம்மலும் சேர்த்தேன்.)

என் தங்கச்சி வசந்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மறந்துபோய்ப் பேசினேன் என்று நினைக்காதீர்கள். ஆபீசில் விசாரித்து வைத்திருந்தேன். தடை டவுனுக்கு மட்டும்தான், அடி அண்ணாமலை எல்லைக்கு வெளியே. அப்பாவிடம் போய்ப் பெரிய கலெக்டர் மாதிரிச் சொன்னேன்: "நமக்கு ஒண்ணும் இல்லப்பா, தாராளமா பந்தி போடலாம்."

அப்பா கேட்டார்: "டவுன்ல பரவற வியாதி எல்லைக்கல்லப் பாத்துட்டுத் திரும்பிடுமா?"

"அதெல்லாம் ரூல்ஸுப்பா. தண்ணியக் கொதிக்க வெச்சிடுவோம். பரிமாறுறவங்களுக்கு வாயக் கட்டிடுவோம். பாக்கறவங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும்."

வாய்க்கட்டு என் யோசனை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குத் தாலி கட்டியாகிவிட்டது. பந்தல் நிறைய ஜனம். அட்சதை போட்டார்கள், பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தினார்கள், அப்படியே செருப்பைத் தேடினார்கள். முதல் பந்திக்கு இலை போட்டுத் தண்ணி தெளித்தாகிவிட்டது. உட்கார ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அத்தைக்கு வயிறு சரியில்லை. எதிர்வீட்டு மாமாவுக்கு விரதம். அன்றைக்கு மட்டும் எங்கள் தெருவில் பதினோரு பேருக்கு விரதம். கடைசியில் முனியம்மா சித்தியை மடக்கிக் கேட்டேன். அவளுக்குப் பொய் வராது.

"நீதானடா டவுன் பூரா சொல்லிக்கினு போனே, தங்கச்சி கல்யாணத்துல ஒரு வாய் தொட மாட்டேன்னு! வூட்டு ஆளு உனக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியும்? அதும் இல்லாம, பரிமாற வந்தவனுங்களே மூக்கக் கட்டிக்கினு நிக்கிறானுங்க. அந்த அண்டாவுல இன்னாடா கீது?"

ஒரு வாரமாக நான் சொன்ன ஒரு ரூலையும் ஊர் நம்பவில்லை. தண்ணியைக் காய்ச்சிக் குடி என்றேன், சிரித்தார்கள். நானாகச் சேர்த்த ஒரு வரியை மட்டும் ஊரே நம்பிவிட்டது.

மாப்பிள்ளையின் பெரியப்பா, செங்கம் பக்கத்தில் நாலு ஊருக்குப் பஞ்சாயத்துப் பேசுகிற மனுஷன், அப்பாவிடம் வந்தார். "உங்க ஊர்க்காரங்களே கை நனைக்காத பந்தி. அதுல நாங்க நனைக்கணுமா? பொண்ண அனுப்புங்க, கெளம்பறோம்."

சம்பந்தி வீட்டார் கை நனைக்காமல் போனால், அது அந்தப் பெண்ணோடு கடைசி வரைக்கும் போகும். உப்பு குறைந்தாலும், பிள்ளை பிறக்கத் தாமதமானாலும், உங்க அப்பன் வீட்டில் எங்களுக்கு ஒரு வாய் சோறு உண்டா என்று ஆரம்பிப்பார்கள். அப்பா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அவர் யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மணவறையிலிருந்து வசந்தா என்னைப் பார்த்தாள். அழவில்லை, பார்த்தாள். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் என்று இருந்தது எனக்கு.

போய் முதல் இலையில் உட்கார்ந்தேன். போட்டார்கள். பந்தலே என்னைச் சுற்றி வந்து நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் பயம். மூணு நாளாக ஊரைப் பயமுறுத்தினவன் நானும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்! சோற்றைப் பிசைகிறேன், பிசைகிறேன், கை மேலே எழவில்லை.

அப்போதுதான் பந்தல் காலுக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி ஏகாம்பரம் நிற்பதைப் பார்த்தேன். நாங்கள் அவரை அழைக்கவில்லை.

"துண்றியா இல்லியான்னு பாக்க வந்தேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "வெள்ளிக்கெழம ரெண்டு அண்டா சாம்பாரு, சோறு எல்லாத்தயும் குழி வெட்டிக் கொட்டி பினாயில் ஊத்தினாங்க. எங்க சம்பந்தி ஒரு டம்ளர் தண்ணி வாங்கல. அப்படியே பொண்ண இட்டுக்கினு பஸ் ஏறிட்டாரு."

இலையின் முன்னால் உட்கார்ந்தபடியே, மைக் இல்லாமல், கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "நான் சொன்னது சீட்ல இல்லீங்க. கை தட்டினாங்கன்னு நானா சேத்தது. பொய்."

வாயில் போட்டேன். முழுங்கினேன். இன்னொரு வாய். ஏகாம்பரம் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, வேட்டியை ஒதுக்கி, என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் போடச் சொல்லு. எம் பொண்ணு கல்யாணத்துலதான் யாரும் கை நனைக்கல. இந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றார். பரிமாற வந்தவனை நிமிர்ந்து பார்த்து, "நீ அந்தத் துணிய எறக்கிட்டுப் போடுப்பா, திருடன் மாதிரி இருக்கே" என்றார்.

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை மாலையோடு எழுந்து வந்து ஏகாம்பரத்துக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையே உட்கார்ந்த பிறகு பெரியப்பா என்ன செய்வார்? முறைப்பு குறையாமல் உட்கார்ந்து ரெண்டு தடவை பாயசம் வாங்கினார். பதினோரு விரதமும் அடுத்த பந்தியில் முடிந்தது. கடவுள் புண்ணியம், யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

வசந்தா தலைதீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. அந்தக் கல்யாணத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் முதல் வாய் நான் வைக்காமல் ஒருத்தரும் இலையைத் தொடுவதில்லை. பேரப்பிள்ளைகள் வரைக்கும் டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு, "பொதுமக்களே, மைக்குத் தாத்தா தொட்டாச்சு!" என்று அறிவிக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் புதுசாக வந்தால் கதையை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் விம்மல் கூடிக்கொண்டே போகிறது.

எண்பதுகளில் வசந்தாவின் பெண்ணுக்குக் காதுகுத்து வைத்தோம். ஏகாம்பரம் அதற்குள் போய்ச்சேர்ந்திருந்தார். முதல் பத்திரிகை அவர் பெண்ணுக்குத்தான் போக வேண்டும் என்று வசந்தா பிடிவாதமாகச் சொல்ல, நானே போளூர் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வந்திருந்தது அந்தப் பெண். என் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்கள். வழக்கம்போலக் கதை ஓடி, பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது. அதுவும் சிரித்தது. அப்புறம் என் பக்கம் சாய்ந்து, கோபமே இல்லாமல் சொன்னது:

"எங்க மாமனார் போன வருசம் தவறிட்டாருண்ணா. கடைசி வரைக்கும் எங்க அப்பா வூட்ல அவர் கை நனைக்கவே இல்ல."

"மாமா, பசிக்குது, சீக்கிரம் தொடு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். தலையைக் குனிந்துகொண்டு தொட்டேன்.